தண்ணீர்ப்பந்தலுக்கு நாலு பலகை

அண்ணே,

பக்கத்து வீட்டில் காலையிலிருந்து பலகை அறுக்கிறார்கள். மரத்தூள் வாசம் சன்னல் வழியாக வந்ததும் அடுப்பிலிருந்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப்பந்தல் போட்டீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. நீங்களும் உங்களோடு கப்பல் ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்த இரண்டு நண்பர்களும்தான் தச்சர்கள். மூன்று பேருக்கும் ஆணி அடிக்கத் தெரியாது. ஆசைக்கு மட்டும் குறைவில்லை.

முந்தின வருடம் அதே வழியில் கைக்குழந்தையோடு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தண்ணீர் ஊற்ற இருந்தது ஒரே பெஞ்சு. அதைச் சுற்றி ஆண்கள் கூட்டம். மூன்று முறை கிட்டே போய் மூன்று முறையும் வெளியே வந்து விழுந்தேன். பிள்ளை தாகத்தில் அழுது அழுது தூங்கிப்போனாள். அதனால்தான் பெண்களுக்குத் தனி மேசை வேண்டும் என்று ஒரு மாதமாக உங்களை நச்சரித்தேன். துறைமுகத்தில் கிடைத்த நீளப் பலகை நாலுதான், ஒரு மேசைக்குத்தான் காணும் என்று கையை விரித்துவிட்டீர்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனாலும் நீங்கள் வேலை செய்த அழகைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிவப்புப் பென்சிலால் படம் போட்டீர்கள். உயரம், அகலம் எல்லாம் உங்கள் ஆபீஸ் மேசையின் அளவு. நாலு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, குறுக்குச் சட்டம் கொடுத்து அடித்தீர்கள். பூசத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மேசை எழுந்து நின்றது. மூன்று பேரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினீர்கள். எனக்கும் கை தட்டத் தோன்றியது.

அப்போதுதான் ஒரு செம்புத் தண்ணீரை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, மறுபக்கம் போய் நின்று, எல்லோரும் பந்தலில் குடிப்பதுபோல் இரண்டு கையையும் குவித்தேன். ஊற்றச் சொன்னேன். நீங்கள் எட்டி ஊற்றினீர்கள். பாதி பலகையில் விழுந்து ஓடி என் சேலையை நனைத்தது. நுனிக்காலில் நின்று இன்னொரு தடவை ஊற்றினீர்கள். அப்போதும் என் கைக்கு வரவில்லை. நண்பர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்கள் முகம் சுண்டிவிட்டது.

"இது ஆளத் தள்ளி நிக்க வைக்கிற மேசைலா, அண்ணே. காயிதம் கொடுத்து வாங்கத்தான் சரிப்படும்" என்றேன். "ரெண்டு பலகைய கழட்டிருங்க. அந்த ரெண்டும் எங்களுக்கு."

நண்பர்களில் ஒருவர் முணுமுணுத்தார், பொழுது சாய்வதற்குள் பிரித்து அடிக்க முடியாது என்று. நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. சுத்தியலைத் திருப்பிப் பிடித்து முதல் ஆணியைப் பிடுங்கினீர்கள். குறுக்குச் சட்டங்களைப் பாதியாக அறுத்து, கால்களை உள்ளே தள்ளி அடித்தீர்கள். கழற்றிய இரண்டு பலகையையும் காலிப் பீப்பாய்கள்மேல் போட்டு இறுக்கிக் கட்டினோம். விளக்கேற்றும் நேரத்தில் இரண்டு மேசை நின்றது.

மறுநாள் எங்கள் பக்கம் பானகம் ஊற்றி ஊற்றி என் தோள் இற்றுப்போனது. அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. உச்சி வெயிலில் நீங்களே வந்து பெண்கள் வரிசையின் ஓரத்தில் கையைக் குவித்து நின்றீர்கள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினேன். குடித்துவிட்டு, "அகலம் சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

அண்ணே, யோசனை என்னுடையது. அதை இன்றைக்கும் விட்டுத் தரமாட்டேன். ஆனால் நண்பர்கள் சிரிக்கும்போதே, தங்கை சொன்னது சரி என்று ஆணியைப் பிடுங்கினீர்களே, அந்த மனசு உங்களுடையது. நீங்கள் போன பிறகு அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். குழம்பில் உப்பு இல்லை என்று மருமகள் சொன்னால் முதலில் ருசி பார்க்கிறேன். கோபமெல்லாம் அதற்குப் பிறகுதான்.