இல்லாத காளைக்கு வைத்தியம்

விஸ்கான்சின்,
ஏப்ரல் கடைசி

அன்புத் தம்பி எய்னாருக்கு,

அண்ணன் ஆர்விட் எழுதுவது. இங்கே நானும் மார்லிஸும் மாடுகளும் சுகம். அலாஸ்காவில் உன் வீட்டுக் கூரைப் பனி இறங்கிவிட்டதா? இங்கே பனி போய்ச் சேறு வந்திருக்கிறது. டிராக்டர் இரண்டு முறை மாட்டிக்கொண்டது. இரண்டாம் முறை இழுத்துவிட்ட பக்கத்துப் பண்ணைக்காரன் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணன் காகிதத்தில் எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடையில் வைத்துவிடுகிற ஆள். இது அப்படிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. காரில் தனியாக உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் லவோன் மார்லிஸைக் கூப்பிட்டு நெடுநேரம் அழுதிருக்கிறாள். முதுகுவலி என்று நீ படுக்கையைக் கீழ்த்தளத்து சோபாவுக்கு மாற்றிக்கொண்டு ஒரு குளிர்காலமே முடிந்துவிட்டதாம். முதுகுவலிக்காரன் எப்படி அத்தனை விறகுப் பாரத்தையும் தூக்கி டிரக்கில் ஏற்றுகிறான் என்று கேட்கிறாள். ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறாயாம். முதலில் வேறொருத்தி இருக்கிறாளோ என்று சந்தேகப்பட்டாளாம். இப்போது தன்னைப் பார்க்கவே உனக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். உங்கள் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஐடஹோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வரும் எண்ணம் இல்லை. "ஆர்விட்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். மார்லிஸ் சத்தியம் பண்ணிவிட்டு, போனை வைத்த கையோடு தொழுவத்துக்கு வந்து என்னிடம் கொட்டிவிட்டாள். அவளைத் தெரியும்தானே உனக்கு.

உன்னைக் குறுக்கு விசாரணை பண்ண நான் எழுதவில்லை. உன் முதுகைப் பற்றி உனக்குத்தான் தெரியும். நான் என் முதுகைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்கு முதுகு வலித்ததே இல்லை. ஆனால் முந்தின வருஷம் முழுக்க முதுகுவலி, மாடு கன்று போடப் போகிறது, விடியும் முன்னே எழ வேண்டும் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். ஆசை இல்லை, எய்னார். மார்லிஸ் மேல் பிரியம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. அவள் ரேடியோவோடு சேர்ந்து பாடினால் இப்போதும் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். உடம்புதான் கூப்பிடவில்லை. நாக்கில் ருசி போனால் வாய் கசக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிடலாம். இதை எப்படிச் சொல்வது? நம் அப்பா நம்மிடம் பேசிய மொத்தப் பேச்சில் பாதி மழையைப் பற்றி, மீதி தீவனத்தைப் பற்றி. இதற்கு அவரிடமிருந்து நமக்கு வார்த்தை வரவில்லை.

நம் தொழிலை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு பசு பருவத்துக்கு வரவில்லை என்றால் அன்றைக்கே மாட்டு டாக்டர் ஹில்டியைக் கூப்பிடுகிறவன் நான். எனக்கென்று வந்தபோது வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் திறந்தேன். யாரிடம்? அந்த ஹில்டியிடமேதான். மாடுகளுக்குச் சினை பார்க்க வந்திருந்தாள். தோள் வரைக்கும் கையுறை, கை பசுவுக்குள்ளே, முகம் அந்தப்பக்கம். முகம் தெரியாத தைரியத்தில் கேட்டுவிட்டேன். ஒரு காளை, நல்ல காளைதான், திடீரென்று அதற்குப் பசுக்கள் மேல் நாட்டம் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று.

"வயசென்ன?" என்றாள்.

வாய் தவறி ஐம்பத்துநாலு என்றேன். மாட்டுக்குள் இருந்த கை அப்படியே நின்றது. நம் பண்ணையில் காளையே கிடையாது, வருஷக்கணக்காக எல்லாம் சினை ஊசிதான் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊசிகளில் பாதியை என் கையாலேயே போட்டிருக்கிறேன்.

ஹில்டி சிரிக்கவில்லை. அதற்காகவே அவள் உயிரோடு இருக்கும்வரை நம் வீட்டிலிருந்து சீஸ் போகும். பசுவின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் காளை மேல தப்பு சொல்ல மாட்டேன், ஆர்விட். கால் நோகுதா, தீனி சரியா, தூங்குதான்னு பார்ப்பேன். புதுசா ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றேன். காளைக்கு.

"அப்ப அந்தக் காளைய மனுஷ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, எங்கயாவது விழுந்து வெச்சா தூக்க முடியாது." பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பசுகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. அதுக்கும் ஏதாச்சும் இருக்கும்," என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டில் மார்லிஸிடம் பேச்செடுத்தேன். சொந்தமாகச் சொல்ல வார்த்தை இல்லாததால் ஹில்டி சொன்னதையே ஒப்பித்தேன், காளை பசு உட்பட. அவள் கரண்டியை மேசையில் வைத்தாள். "முப்பது வருஷம் உன்கூட குடும்பம் நடத்தினவள மாட்டுல ஒண்ணா சேத்துட்டியா? எங்க, அந்த நம்பர் அட்டைய எடுத்து என் காதுலயும் மாட்டிவிடு!" என்று வீடு அதிரக் கத்தினாள். அதைவிட மோசம், ஊரில் ஒரு மாட்டு டாக்டருக்குத் தெரிந்த பிறகுதான் தனக்குத் தெரிகிறது என்பது.

கத்தி முடித்ததும் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். மாதவிலக்கு நின்றதிலிருந்து அவளுக்கு வலிக்கிறதாம். வலிக்கும் என்ற பயத்திலேயே விருப்பமும் போய்விட்டதாம். நான் திரும்பிப் படுக்க ஆரம்பித்தபோது அப்பாடா என்று இருந்ததாம். அப்படி நிம்மதிப்பட்டதற்கே தான் ஒரு கெட்ட பெண்டாட்டி என்று நினைத்தாளாம். மாதங்கள் போகப் போக, 'நான் கிழவியாகிவிட்டேன், அதனால்தான் இவன் தொடுவதில்லை' என்றும் சேர்த்துக்கொண்டாள். எனக்குத் தெரியவே இல்லை, தம்பி. ஒரே கம்பளிக்குள் படுத்துக்கொண்டு அவளுக்கு இத்தனையும் நடந்திருக்கிறது.

டாக்டரிடம் சேர்ந்தே போனோம். ரத்தம் எடுத்தார்கள். ஆண் ஹார்மோன் சரியாகத்தான் இருக்கிறதாம். எனக்கு ஏமாற்றம். குறைவாக இருந்தால் ஒரு ஊசியைக் குத்தி அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார். என் குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வருவதை மார்லிஸ் போட்டுக்கொடுத்தாள். தூக்கத்தைச் சோதித்துவிட்டு, படுக்கும்போது மாட்டிக்கொள்ளக் காற்று ஊதும் ஒரு முகமூடி கொடுத்தார்கள். அதை மாட்டினால் மூக்கில் பால் கறக்கும் மெஷினை வைத்த மாதிரி இருக்கிறேன், ஆனால் காலையில் மனுஷனாக எழுந்திருக்கிறேன். மார்லிஸுக்கு உள்ளே வைக்க ஒரு களிம்பு. "இந்தத் தம்மாத்தூண்டு டியூபுக்கா இத்தன நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்?" என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனாள்.

சர்க்கரை உண்டா, குடி உண்டா, மனசு எப்படி இருக்கிறது என்றெல்லாம் டாக்டர் கேட்டார். மனச்சோர்வும் ஆசையைத் தின்றுவிடுமாம். அதைக் கேட்டபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ நடத்திய தச்சு வகுப்பைப் பள்ளியில் மூடியதிலிருந்து நீ போனில் சிரித்து நான் கேட்கவில்லை.

அப்புறம் தம்பதிகளிடம் பேசுகிற ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். ஒரு மாதம் அந்த விஷயமே கூடாது, தொடலாம், பிடித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இல்லை என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. இதைத்தானே நான் வருஷம் முழுக்க இலவசமாகப் பண்ணிக்கொண்டிருந்தேன்? ஆனால் அவள் சொன்ன ஒன்று பிடித்துப்போயிற்று. "பசிச்சாத்தான் சாப்பிட உக்காரணும்னு இல்ல. நிறைய பேருக்கு உக்காந்த பிறகுதான் பசிக்கும்." அந்த மாதம் முடியும்வரை நாங்கள் பொறுத்தோமா என்று கேட்காதே.

இருபத்தைந்து வயது திரும்பி வரவில்லை. வர வேண்டாம். இப்போது ஞாயிறு மத்தியானம் தேவாலயத்திலிருந்து வந்ததும் போனை எடுத்து வைத்துவிடுகிறோம். சில ஞாயிறு பேசிக்கொண்டே தூங்கிவிடுகிறோம். இன்றைக்கு வேண்டாம் என்று அவளும் சொல்கிறாள், நானும் சொல்கிறேன், யாரும் சுவர்ப்பக்கம் திரும்புவதில்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

எய்னார், உனக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் கட்டாயம் போ, அதை அடுத்த வாரம்கூடச் செய்யலாம். ஆனால் லவோனிடம் பேசுவதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த ஒரு வருஷத்தில் மார்லிஸ் உதட்டுச் சாயம் பூசுவதை நிறுத்திவிட்டாள். நான் கவனித்தேன். சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன். லவோன் எதையெதை நிறுத்தியிருக்கிறாள் என்று இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பார்.

பார்த்துவிட்டுப் படியேறி அவளிடம் போ. எதுவும் செய்ய வேண்டாம், கட்டில் ஓரத்தில் உட்கார். 'இது உன்னால் இல்லை' என்று மட்டும் சொல். குரல் உடைந்தால் உடையட்டும், அவள் பார்த்துக்கொள்வாள். உனக்குக் காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அது அவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன் அண்ணன்,
ஆர்விட்