அத்தையின் கதவுக்குத் தனி லைன்

என் அன்பு வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் மணி அடித்தாலே உன் அம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பிவிடுகிறார். அவரை எதிரில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் என்ன பேசுவது?

முதலில் நல்ல செய்தி. கேரேஜ் கதவுக்குத் தனி லைன் போட்டாயிற்று. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மெயின் பாக்ஸில் அதற்கென்றே புதிதாக ஒரு பிரேக்கர். அங்கிருந்து சமையலறைச் சுவரைத் துளைத்து, அத்தை அறை வழியாக, கதவு மோட்டார் வரைக்கும் குழாய்க்குள் புது ஒயர். துளை போட்ட இடத்தைப் பூசி பெயின்ட்டும் அடித்துவிட்டேன். நிறம்தான் கொஞ்சம் ஒட்டவில்லை. நீ வந்து திட்டுவதற்கும் ஏதாவது வேண்டாமா?

எதற்கு இதெல்லாம் என்று சொல்கிறேன். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிக்கு மாறியதும், முன்வாசல் படி சரிப்படாது என்று நீதான் காரைத் தெருவில் நிறுத்தச் சொன்னாய். கேரேஜை அவருக்கு வாசலாக்கிவிட்டு வேலைக்காக வெளியூர் போனாய். பட்டனை அழுத்தினால் கதவு மேலே போகும், அவர் பாட்டுக்குப் போய்வருவார். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. வாஷிங் மெஷினும் அந்தக் கதவும் ஒரே லைனில் இருந்தது நமக்கு எங்கே தெரியும்?

போன மாதம் ஒருநாள் துணியைப் போட்டு, மதியம் ஓடும்படி டைமர் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பினால் கேரேஜ் கதவு முழங்கால் உயரத்தில் நிற்கிறது. வெளியே தூறலில் அத்தை. மடியில் காய்கறி, தலையில் காய்கறி வாங்கிய பிளாஸ்டிக் பை. கடையிலிருந்து வந்து பட்டனை அழுத்தியிருக்கிறார். மெஷின் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருந்த நேரம். மோட்டாரும் கிளம்பியதும் தாங்காமல் பிரேக்கர் விழுந்து, கரண்ட் நின்று, கதவு போன உயரத்திலேயே நின்றுவிட்டது. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்றேன். காற்று வாங்கிக்கொண்டிருந்தாராம். மழையில் யாராவது காற்று வாங்குவார்களா?

விடாமல் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "வேலையில இருக்கிற மாப்பிள்ளையக் கூப்பிட்டு, வந்து கதவைத் தூக்குங்கன்னு சொல்றதா? எனக்கு அப்படியெல்லாம் வராது."

அதற்குப் பிறகு அவர் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். கேட்டால் ஒருநாள் வெயில், ஒருநாள் தலைவலி. பூங்காவில் அவரோடு சீட்டு விளையாடுகிற கண்ணாடிக்கார அம்மா என்னைத் தெருவில் மறித்து, உங்கள் மாமியாருக்கு எங்கள் மேல் என்ன கோபம் என்று கேட்டார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

சமையலறையிலிருந்து நானே ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எலக்ட்ரீஷியன் அம்மா, ஆமாம், பெண்தான், அதைக் கேட்டுவிட்டு வீட்டைக் கொளுத்த இதைவிடச் சுலபமான வழியெல்லாம் இருக்கிறது சார் என்றார். அத்தை வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது, அதனால் நானும் சிரித்துவைத்தேன்.

இனிமேல் சொல்லப்போவதை நீ போனில் அம்மாவிடம் கேட்டுவிடாதே. குழாய் பதிப்பதற்காக அத்தை அறையில் கட்டிலை நகர்த்தினோம். கீழே அவருடைய பெரிய பெட்டி. தூக்கினால் நல்ல கனம். அலமாரியைப் பார்த்தேன், பாதிக்கு மேல் காலி. அத்தை அறை வாசலில் நாற்காலியில் இருந்தார். அவராகவே சொன்னார், உன் அண்ணன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறதாம், அங்கே போய்விட்டால் யாருக்கும் சிரமம் இல்லையாம். நான் பெட்டியை மூலையில் வைத்துவிட்டு, வேலையை இன்றைக்கே முடித்துவிட முடியுமா என்று எலக்ட்ரீஷியன் அம்மாவிடம் கேட்டேன். கரண்ட் போனாலும் கதவு திறக்கிற மாதிரி மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரியும் வைக்கச் சொன்னேன். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். வீட்டில் அத்தை இல்லை. குளியலறையில் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன். வாஷிங் மெஷின் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடப்போனேன். அப்போது கேரேஜ் கதவு மேலே போகிற சத்தம். ஒரு விக்கல்கூட இல்லாமல் முழுக்கத் திறந்தது. அத்தை உள்ளே வந்தார். சீட்டில் ஜெயித்த முகம்.

மெஷினை வேண்டுமென்றே ஓடவிட்டுத்தான் போனாராம். தனி லைன் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்றார். ஒருவேளை திறக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் போன் பண்ணியிருப்பேன்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது தினமும் போகிறார். நேற்று கண்ணாடிக்கார அம்மாவும் வீட்டுக்கு வந்தார். முன்கதவு மணியை அடிக்காமல் நேராகக் கேரேஜ் வழியாகவே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் போனில் பேசினார். வந்து கூட்டிப்போக எந்த நாள் வசதி என்று கேட்டார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, கதவுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். நைலான் சக்கரம், அதற்கு எண்ணெயே வேண்டாம்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். அண்ணனிடம் நீ பேசு. தனி லைன், பேட்டரி என்று இவ்வளவும் செய்தபிறகு வீணாகக் கூடாது என்று சொல். அது போதாதென்றால், காலையில் உங்கள் மாப்பிள்ளைக்குத் தனியாகக் காபி குடிக்கப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடமே சொல். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. சொன்னாலும் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
வீட்டுக்காரன்