கிழக்கே காலி நிலம்

ஐப்பசி 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாப்பில் டூரிஸ்ட் கார்கள் வரிசையாக நின்று டீ குடிக்கின்றன.

வாங்க வேண்டியவை: பிரிண்டர் மை, நீள ஸ்கேல், மல்லிகாவுக்கு முட்டி வலித் தைலம். இடம் அளக்கும் பெரிய டேப்பைக் காணோம். அவளைக் கேட்டால் என்னையே திருப்பிக் கேட்கிறாள்.

பஞ்சாயத்து யூனியன் ஓவர்சீயர் போன் செய்தார். "மலையில ரெண்டு வருசமா எத்தன ப்ளான் பாஸ் ஆயிருக்குதுன்னு மேல லிஸ்ட் கேக்கறாங்க. பாதிக்கு மேல உங்க கையெழுத்துதானுங்க. நீங்களே போட்டுக் குடுத்துருங்களேன்." சரி என்றேன். இந்த மாதிரி வேலைகள் என் தலையில் வந்து விழுவது வழக்கம்தான்.

பைல்களை இறக்கினேன். போன வருடத்துக் கட்டு ஒன்று. இந்த வருடத்துக் கட்டு மூன்று. எல்லாவற்றிலும் "குடியிருப்பு வீடு" என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் ஆள் குடியிருக்கப்போகும் வீடுகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் டூரிஸ்ட்டுக்கு விடும் ரூம். ஒன்றில் ஆறு படுக்கையறை, ஆறு பாத்ரூம், சமையலறையே கிடையாது. எவன் நம்புவான் என்று ஆறாவது அறையில் "பூஜை அறை" என்று எழுதினேன். அன்றைக்கு நானும் ஓவர்சீயரும் சிரித்தோம். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி 7, வெள்ளி

தூறல் நிற்கவில்லை. டேப் கிடைத்தது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், நான் வைத்ததுதான். அவளிடம் சொல்லவில்லை.

லிஸ்ட் பாதி. மலைப் பஞ்சாயத்துகளில் அ.நா. (அரியூர் நாடு) முடிந்தது, எ.நா. (எடப்புளி நாடு) பாக்கி.

யாருக்கும் சொல்லாததை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். கொல்லிமலை ரோட்டில் எழுபது வளைவு. பத்தாவது வளைவிலேயே எனக்கு வயிறு புரட்டிவிடும். அதனால் ஒன்றரை வருடமாக மேலே போகவில்லை. ஓனர்கள் இடத்தைப் போனில் வீடியோ எடுத்து அனுப்புவார்கள். போனில் பார்த்தால் எந்தச் சரிவும் சமதளமாகத்தான் தெரியும். கீழே இந்த ஊரில் ஒரு சமதள மனைக்கு எப்போதோ வரைந்த ப்ளான் ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயர், சர்வே நம்பர், அளவு மூன்றையும் மாற்றுவேன். "இடத்தை நேரில் பார்த்து அளந்தேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. மலையில் இத்தனை கட்டடங்கள் எழும்பியது இப்படித்தான்.

இன்றைக்குச் சேலத்துக்காரர் ஒருவரின் பைலைப் பிரித்தேன். அ.நா.வில் எட்டு ரூம் காட்டேஜ், வேலை நடந்துகொண்டிருக்கிறது. நாலு பக்க எல்லை: மேற்கே ரோடு, வடக்கே மிளகுத் தோட்டம், தெற்கே மரவள்ளிக் காடு, கிழக்கே காலி நிலம்.

கிழக்கே காலி நிலம் இல்லை. அங்கே வெள்ளையன் வீடு இருக்கிறது.

ஆடியில் வெள்ளையன் மலையிறங்கி என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பலாப்பழம். "எங்க ஊட்டுக்கு மேக்கால பொக்லைன் வெச்சு மண்ண வெட்டறாங்க. நீங்கதான் ப்ளான் போட்டீங்கன்னு கொத்தனாரு சொன்னாருங்க. அது சரிதானுங்களா?" என்றார். நான் கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. "அப்ரூவல் இருக்குதுங்க. எல்லாம் முறைப்படிதான்" என்றேன். நம்பிப் போய்விட்டார். பழத்தைத் தின்றோம். கொட்டையை மல்லிகா குழம்பில் போட்டாள்.

அவர் வீட்டுக்கு மேற்கே வெட்டுகிறார்கள் என்றால், வெட்டும் இடத்துக்குக் கிழக்கே அவர் வீடு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம்.

ஐப்பசி 8, சனி

நல்ல மழை. லிஸ்ட் வேலை ஓடவில்லை.

பதினோரு மணிக்கு வெள்ளையன் போன். என் நம்பரை எப்படிப் பிடித்தாரோ. "ஏனுங்க இஞ்சினீருங்களா? அந்தக் காட்டேஜ் செவுரு வவுறு தள்ளிட்டு நிக்குதுங்க. கொத்தனாரக் கேட்டா ப்ளான் பாஸானதுதான், ஒண்ணும் ஆவாதுங்கறாரு. உங்க ப்ளான்ல அந்தச் செவுரு எப்பிடீங்க இருக்குது?"

என் ப்ளானில் அந்தச் சுவரே இல்லை. சமதளத்துக்கு எதற்குத் தடுப்புச் சுவர்?

"நாளைக்கு வாரேனுங்க" என்று மட்டும் சொன்னேன். மத்தியானம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மல்லிகா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

ஐப்பசி 9, ஞாயிறு

எலுமிச்சம்பழம் இரண்டு, பிளாஸ்டிக் கவர் நாலு, டேப். முதல் பஸ். கவர் மூன்று தீர்ந்தது. பக்கத்து சீட் அம்மா, "இத்தன வயசுல முடியாத வேலைக்கு எதுக்குக் கண்ணு போற?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறக்க முடியவில்லை.

பார்த்தது:

இடம் முழுக்கக் கிழக்கே சரிகிறது, கண்ணை மூடி நடந்தாலும் தெரியும். மேற்கே இரண்டு ஆள் உயரத்துக்கு மண்ணை வெட்டி, அந்த மண்ணைக் கிழக்கே கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். மேட்டைத் தாங்க ஹாலோ பிளாக் சுவர். தண்ணீர் வடிய ஒரு ஓட்டைகூட இல்லை. மழைத்தண்ணீர் மொத்தமும் சுவருக்குப் பின்னால் தேங்கி நிற்கிறது. நடுவில் சுவர் புடைத்திருக்கிறது.

சுவர் உயரம் பதினோரு அடி. சுவரிலிருந்து வெள்ளையன் வீட்டுச் சமையல்கட்டுக்கு ஒன்பது அடி. இரண்டு முறை அளந்தேன்.

இவ்வளவு வெட்டியதே என்னால்தான். கீழே வரைந்த ப்ளானில் வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். இங்கே அது சரிவின் போக்கிலேயே நீண்டுவிட்டது. வடக்கு தெற்காகத் திருப்பிப் போட்டிருந்தால் பாதி வெட்டு போதும், இந்த மேடும் வேண்டாம், சுவரும் வேண்டாம். திருப்ப ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

கொத்தனார் என்னைப் பார்த்ததும், "எங்களச் சொல்லாதீங்க சார். ப்ளான்ல இருக்கற நீளத்துக்கு எடம் பத்தல, மேடு கட்டித்தான் ஆவணும்னாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

வெள்ளையன் சம்சாரம் சின்னப்பொண்ணு சாமைச் சோறும் கீரையும் வைத்தார். வேண்டாமென்றாலும் விடவில்லை. "நீங்களே நேருல வந்துட்டீங்க. இனி எங்களுக்குப் பயமில்லீங்க" என்றார். கடைசிப் பருக்கை வரை தின்றேன்.

கிளம்பும்போது, "மழ நிக்கற வரைக்கும் சொந்தக்காரங்க ஊட்டுல போய் இருங்களேன்" என்றேன். வெள்ளையன் யோசித்தார். "ப்ளான் சரியானதுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்பறம் எதுக்குங்க போவோணும்? ஆடு கெடக்குது, நெல்லு கெடக்குது."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "பார்க்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். என் பேச்சை நம்பித்தான் அவர்கள் அந்த வீட்டில் இருக்கிறார்கள். கோழை நான். வேறு வார்த்தை இல்லை.

ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டு விட்டு.

சேலத்துக்காரருக்குப் போன். "எனக்கென்னங்க தெரியும்? நீங்கதான வரைஞ்சீங்க? லீவுக்கு ரூமெல்லாம் புக்கிங் ஆயிருச்சு. வேலைய நிறுத்த முடியாதுங்க." முதல் பாதி நியாயம்தான்.

ஓவர்சீயரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திருத்தின ப்ளான் ஒண்ணு போட்டுருங்க. செவுத்த வரைஞ்சு காட்டிட்டா பேப்பர்ல குத்தமில்ல" என்றார். லிஸ்ட் எங்கே என்றும் கேட்டார். மலையில் வீடு கட்டுவது வேகமாக வளர்கிறது என்று மேலே ரிப்போர்ட் எழுதிவிட்டார்களாம். அதற்குப் பின்னிணைப்புதான் என் லிஸ்ட்.

வீட்டுக்கு வந்து வரைந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கருங்கல் சுவர், அடியில் அகலம், மேலே போகப்போகக் குறுகல், வரிசையாகத் தண்ணீர் வடியும் ஓட்டைகள். முப்பது வருடத்தில் இவ்வளவு அழகாக ஒரு சுவர் வரைந்ததில்லை. பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை பலத்தது. இந்தத் தாள் ஒன்பது அடியை ஓர் அங்குலம்கூடக் கூட்டாது.

மல்லிகா வந்தாள். "ஏனுங்க, சோறு ஆறுது." சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். திட்டுவாள் என்று நினைத்தேன். எதிரில் உட்கார்ந்தாள். "அந்தப் பலாப்பழத்த நானுந்தான தின்னேன்" என்றாள். பிறகு, "உள்ளதை எழுதிக் குடுத்துட்டு வாங்க. லைசென்ஸ் போனா போவுது, எங்கண்ணன் ஹார்டுவேர் கடையில நின்னுக்கலாம்."

அவள் அண்ணன் கடையில் நிற்பதற்குச் சுவர் என்மேலேயே விழலாம். ஆனால் அவள் சொன்னது சரி.

ஐப்பசி 11, செவ்வாய்

மூன்று தாள் கிழித்து நாலாவது தாளில் எழுதினேன். சுருக்கமாக:

இடத்தை நான் நேரில் பார்க்கவில்லை.
சரிவைச் சமதளம் என்று காட்டினேன்.
கிழக்கே வீடு இருக்கிறது. இருவர் குடியிருக்கிறார்கள்.
வேலையை நிறுத்தி, தேங்கிய தண்ணீரை உடனே வடிக்க வேண்டும்.

கூடவே லிஸ்ட். அதில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன்: நேரில் பார்த்தேனா. மேலிருந்து கீழ்வரை "இல்லை", "இல்லை", "இல்லை". எழுத எழுதக் கை வலித்தது. நடுவில் இரண்டே இரண்டு "ஆம்". இரண்டும் என் வயிறு ஒத்துழைத்த பழைய நாட்கள்.

ஓவர்சீயர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்களுக்கு என்னங்க ஆச்சு? இத வாங்குனா மத்த அத்தனையும் தொறக்கோணும். உங்க பொழப்பு மட்டுமில்ல, என் பொழப்பும் சேர்ந்து போவும்." அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். நல்ல மனிதர்தான். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் அவர் என் கையெழுத்தை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்.

"வாங்கிட்டேன்னு சீல் வெச்சுக் குடுங்க" என்றேன். வைத்தார். மத்தியானமே வேலையை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்புவதாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சாயங்காலம் கொத்தனாருக்குப் போன். வேலை நின்றுவிட்டது, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். தண்ணீர்? "அத யாரு சார் எறைப்பாங்க? நிறுத்துங்கன்னாங்க, நிறுத்திட்டோம்."

ஆக, சுவர் அப்படியே நிற்கிறது. அவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். கடிதம் கொடுத்துவிட்டேன் என்று நான் பாட்டுக்கு நிம்மதியாக இருக்க முடியாது. சொல்ல வேண்டியது ஆபீசில் அல்ல.

ஐப்பசி 12, புதன்

முதல் பஸ். கவர் நாலும் தீர்ந்தது. மலையில் மழை இல்லை, மூட்டம்.

வெள்ளையன் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். சின்னப்பொண்ணு அடுப்பு பற்றவைத்திருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம்.

"ஆடி மாசம் நான் சொன்னது பொய்யிங்க. எடத்தப் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். ப்ளான் தப்பு. அந்தச் செவுத்துக்கு யாரும் கணக்குப் போடல."

வெள்ளையன் தழையைக் கீழே வைத்தார். "அப்ப எங்க ஊடு? அது ப்ளான்ல எப்பிடி இருக்குது?"

"இல்லீங்க. காலி நிலம்னு எழுதிட்டேன்."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உழுந்துருமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலீங்க. உழாதுன்னு சொல்ல எனக்கு வாயில்ல. உழுந்தா சமையல்கட்டு வரைக்கும் வரும்."

வெள்ளையன் செல்போனை எடுத்தார். எடப்புளி நாட்டிலிருக்கும் மச்சானுக்குப் போன் போட்டு வேனைக் கொண்டுவரச் சொன்னார். ஆடுகளை அவிழ்த்தார். கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கி, என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் புடிங்க" என்றார்.

பிடித்தேன். கட்டில், டிரங்குப் பெட்டி, டிவி, கோழிக் கூடை, சாமி படங்கள். ஒவ்வொன்றாக ரோட்டுக்குச் சுமந்தோம். ஏறும்போது மூச்சு வாங்கியது. வேன் வந்தது. மச்சான் நான் யார் என்று கேட்டார். வெள்ளையன், "ப்ளான் போட்டவரு" என்றார். மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கயிறு கட்டப் போனார்.

சின்னப்பொண்ணு கடைசியாக அடுப்பில் தண்ணீர் ஊற்றினார். புகை எழுந்தது. சோற்றுப் பானையை என் கையில் கொடுக்கும்போது கேட்டார். திட்டுகிற குரல் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல:

"ஒருக்கா வந்திருந்தா எங்க ஊட்டப் பாத்திருப்பீங்கல்லங்க?"

"பாத்திருப்பேனுங்க."

சரி என்று தலையாட்டினார். உள்ளே இன்னும் இரண்டு நெல் மூட்டை இருந்தது.