மஞ்சள் தண்ணீர் தெளித்த ஹார்ட் டிஸ்க்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

இன்று தூக்கம் வராது. புது விண்டோஸ் போடுவதற்காக ஒரு வாரமாகத் தயார் செய்துகொண்டிருந்தேன். பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டதால் அவர் மஸ்கட்டிலிருந்து புதிது வாங்கி அனுப்பியிருந்தார். கல்யாணப் போட்டோ, பாப்பாவின் காதுகுத்து வீடியோ எல்லாவற்றையும் சிடியில் ஏற்றினேன். காலையில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, புதியதை மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன்.

நான் வீட்டுக்குத் தூரம். தொட்டுவிட்டேனாம். அதனால் என் மாமியார் திறந்து கிடந்த பெட்டிக்குள் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துத் தீட்டுக் கழித்திருக்கிறார். புதுசு ஆயிற்றே என்று டிஸ்க்குக்குச் சந்தனப் பொட்டு வேறு! ஒன்றும் தெரியாமல் வந்து சுவிட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை. போய்விட்டது.

சாயங்காலம் அவர் போன் செய்தார். அத்தைதான் எடுத்தார். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொல்கிறார்: "தூரமா இருக்குறப்ப தொட்டுட்டாடா. அதான் இப்படி ஆயிடுச்சு."

போனை வாங்கி மஞ்சள் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். "அம்மா நல்லதுக்குத்தானே செஞ்சாங்க? நீ ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்கிறார்!

வாராவாரம் இதே கம்ப்யூட்டரில் அவர் முகத்தை அத்தைக்குக் காட்டுவது யார்? தூரமான நாளிலும் நான்தான் தட்டினேன். அப்போதெல்லாம் பிள்ளையைப் பார்க்கும் அவசரத்தில் தீட்டு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.