தக்காளிக்குப் போட்ட கூரை

சாணார்பட்டி
2.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கௌசல்யா எழுதுவது. இங்கே நானும் செடிகளும் சுகம். அந்த மலைக்குளிரில் நீங்கள் நெஞ்சுச்சளி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபப்படாதீர்கள். போனில் நமக்குச் சண்டைதான் வருகிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் நான் ஒன்பது சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால் இனி தோட்டத்து விஷயமெல்லாம் எழுத்தில்தான்.

ஒரு வருடம் என்றுதான் மலேசியாவுக்குத் தக்காளித் தோட்ட வேலைக்குப் போனீர்கள். இப்போது இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டு, சம்பாதித்து வந்து, நம் தோட்டம் முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போடவேண்டும் என்கிறீர்கள். எனக்குக் கூரை வேண்டாம், தைக்கு நீங்கள் வந்தால் போதும்.

ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோம். தக்காளி பூவெடுத்து நிற்கிறது. பாதித் தோட்டத்துக்கு நீங்கள் சொல்கிறபடி கூரை போடுகிறேன். மறுபாதி வானத்தைப் பார்த்து நிற்கட்டும். ஐப்பசி மழையில் கூரைப் பாதி தேறினால் கையெழுத்துப் போடுங்கள், வாயைத் திறக்கமாட்டேன். திறந்த பாதி தேறினால் ஊருக்கு வந்துவிட வேண்டும். சம்மதமா?

இப்படிக்கு,
உங்கள் கௌசல்யா

கேமரன் மலை
17.10.2024

அன்புக் கௌசல்யா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தேன். கூடத் தங்கியிருக்கும் நம்ம ஊர் ராயப்பராஜ், "என்னலே, வீட்ல லட்டு பார்சல் வந்த மாதிரி இளிக்கிறே?" என்றான். பந்தயத்துக்குச் சம்மதம்.

இங்கே மதியமானால் தினமும் மழை. துவைத்த சட்டை கொடியில் கிடந்தே பூசணம் பூக்கிறது. ஆனாலும் கூரைக்குள் தக்காளிச் செடிகள் ஒரு புள்ளி கருகல் நோய் இல்லாமல் ஆள் உயரத்துக்கு நிற்பதைப் பார்த்தால், கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. போன ஐப்பசியில் நம் தோட்டம் அழுகிய வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. திரும்பவும் அதைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. அதற்காகத்தான் இத்தனை பாடு.

கூரை எப்படிக் கட்டுவது என்று படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். சாரல் உள்ளே வராதபடி நான்கு பக்கமும் மூடிவிடு. இங்கே அப்படித்தான் செய்கிறோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
பாண்டியராஜ்

சாணார்பட்டி
17.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் கூரையின் பெருமையைச் சொல்கிறேன். படத்தில் இருந்தபடியே கட்டினோம். ஊரே வந்து பார்த்தது. பக்கத்துத் தோட்டத்துச் சடையாண்டி அண்ணன், "எனக்கே ஓட்டு வீடு ஒழுகுது, தக்காளிக்கு வந்த வாழ்வப் பாரு!" என்றார். நீங்கள் இவ்வளவு நன்றாகப் படம் வரைவீர்கள் என்று எனக்கு இதுநாள்வரை தெரியாது.

தீபாவளி கழிந்ததும் மழை பிடித்தது. கூரைக்குள் ஒரு சொட்டு விழவில்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு மழை விட்டு வெயில் அடித்தது பாருங்கள், உங்கள் மலையில் அடிக்காத நம்ம ஊர் வெயில்! உள்ளே நுழைந்தால் இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடிக்கிறது. கூரையின் உட்புறம் வேர்த்து வேர்த்து இலைமேல் சொட்டியது. பக்கங்களைச் சுருட்டி விடுவதற்குள் கருகல் ஏறிவிட்டது. உங்கள் மேல் தப்பில்லை மாமா. குளிருகிற ஊரில் மூடினால் கதகதப்பு, வேர்க்கிற ஊரில் மூடினால் புழுக்கம். இது எனக்கும் முன்னால் தோன்றவில்லையே.

திறந்த பாதியிலும் காய் வெடித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மேட்டுப்பாத்தி, செடிக்குச் செடி நல்ல இடைவெளி. மழை விட்டதும் செடிகளைத் தாங்கும் கயிற்றை வரப்பில் நின்றே சுண்டிவிடுவேன். வரிசை முழுக்கத் தண்ணீர் பொலபொலவென்று உதிரும். பிறகு சிறுமலைப் பக்கத்துக் காற்று வந்து காயவைத்துவிடும். இப்போது திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கூடை போய்க்கொண்டிருக்கிறது.

பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று நான் வாயால் சொல்லவேண்டுமா?

இப்படிக்கு,
உங்கள் கௌசல்யா

சாணார்பட்டி
14.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பதில் வருமுன் இதை எழுதுகிறேன். நீங்கள் கையெழுத்துப் போடுகிற நாளுக்குள் இது வந்து சேரவேண்டும்.

மழை முடிந்தது என்று நினைத்திருந்த நேரத்தில் புயல் மழை வந்துவிட்டது. இரவு பகலாகக் கொட்டியது. விட்ட பிறகும் வெயில் வரவில்லை, காற்றும் வரவில்லை. மூட்டமும் ஈரமுமாக அப்படியே நின்றது. கயிற்றைச் சுண்டிச் சுண்டிக் கை காய்த்துப்போனதுதான் மிச்சம். திறந்த பாதியும் கருகிப்போனது. பழுக்கவேண்டிய காயெல்லாம் சேற்றில் கிடக்கிறது.

இதை எழுதாமல் விட்டால் நான் ஜெயித்ததாக நினைத்து நீங்கள் வந்துவிடுவீர்கள். விட்டுவிடலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். மனம் வரவில்லை. பொய் சொல்லி வரவழைத்து, பஸ்ஸை விட்டு இறங்குகிற உங்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

எந்தப் பாதியும் தேறவில்லை. அதனால் பந்தயம் செல்லாது. உங்கள் இஷ்டம்போல் முடிவு செய்யுங்கள். ஆனால் என் ஆசை மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அழுகிய செடிகளைப் பிடுங்க ஆரம்பித்திருக்கிறேன். விட்டுவைத்தால் நோய் மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணில் ஈரம் நன்றாக இருக்கிறது. அடுத்ததாக உளுந்து போடலாமா, வெண்டை போடலாமா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

இப்படிக்கு,
கௌசல்யா

கேமரன் மலை
30.12.2024

அன்புக் கௌசல்யா,

உன் நவம்பர் கடிதம் வழியில் எங்கோ தேங்கிவிட்டது போல, இரண்டு கடிதமும் இங்கே ஒரே நாளில் வந்தன. முதலாவதைப் படித்துவிட்டு, "ஜெயிச்சிட்டாடா!" என்று ராயப்பராஜிடம் கத்தினேன். இரண்டாவதை அவனுக்குப் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை. அவனே வாங்கிப் படித்தான். பிறகு, "தோட்டம் போச்சுன்னு எழுதுன கையோட, உளுந்தா வெண்டையான்னு கேக்குதேலே அந்தப் பொண்ணு" என்றான்.

எனக்கும் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. வானத்துக்குப் பயந்துதான் நான் இவ்வளவு தூரம் வந்து ஒரு கூரைக்குக் கீழே நின்றுகொண்டேன். நீ அதே வானத்தின் கீழே நின்று, நனைந்து, தோற்று, மண்ணில் ஈரம் நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறாய். இப்படி ஒருத்தியோடு வாழக் கொடுத்துவைத்திருந்தும் இங்கே யாருடைய தக்காளியையோ காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு முன்னால் வீட்டில் இருப்பேன்.

உளுந்தே போடு, மண்ணில் இருக்கிற ஈரத்திலேயே வந்துவிடும். வெண்டைதான் என்று நீ சண்டை போட்டால் அதுவும் சரிதான்.

போன வருடம் அழுகிய தோட்டத்துக்குள் நான் இறங்கவே இல்லை. எல்லாவற்றையும் நீ ஒருத்தியாகவே பிடுங்கினாய். இந்தத் தடவை ஒரே ஒரு வரிசையை மட்டும் விட்டுவை. அதை நான் வந்து பிடுங்குகிறேன்.

உன்
பாண்டியராஜ்