கண்ணபிரான் பெங்களூர் வருகிறான்

கோவில்பட்டி
8.11.1998

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பெங்களூர்க் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை, எழுந்து நடமாடுகிறாள். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, மனசுதான் ஒரு வாரமாகக் கொதிக்கிறது. ஐப்பசி மழை ஏமாற்றவில்லை, பசுவந்தனைப் பக்கம் உளுந்து பச்சைப்பசேலென்று நிற்கிறது, கரிசல் மண் செருப்பைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறது. அந்தச் சேற்றில் நடந்து போய்த்தான் அவமானப்பட்டு வந்தேன்.

எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவன மாணவிகளை அங்குள்ள பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழக அழைத்துப் போயிருந்தோம். என் வகுப்புச் சந்தனமாரி ஆங்கில வாசிப்பு நடத்தினாள். அவள் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் சேர்ந்து சொல்ல, நான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுக்கும் முறைப்படி கணீரென்று நடந்தது. ராமுவிடம் சிவப்புப் பந்து இருக்கிறது, மாலாவிடம் வெள்ளைப் பசு இருக்கிறது, இவ்வளவுதான் பாடம். முதல்வர்கூடத் தலையாட்டினார். அப்போது என்னோடு வேலை பார்க்கும் கண்ணபிரான் எழுந்து போய், ராமுவிடம் வெள்ளைப் பசு இருக்கிறது என்று கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி வாசிக்கச் சொன்னான். பிள்ளைகள் அத்தனை பேரும் சிவப்புப் பந்து என்றே கத்தினார்கள். பிள்ளைக வாசிக்கல அண்ணாச்சி, ஒப்பிக்குதுவ என்று முதல்வர் காதில் விழும்படி என்னிடம் சொன்னான். மாணவிகள் சிரித்தார்கள், சந்தனமாரி அழுதாள். என்னைவிடப் பதினொரு வயது சின்னவன். அவன் கேட்டது தப்பென்று சொல்லமாட்டேன். அது எனக்குத் தோன்றாமல் அவனுக்கு ஏன் தோன்றியது என்பதில்தான் வயிறு எரிகிறது.

வாசிப்பு கற்பிக்கும் புது முறைகளுக்குப் பெங்களூரில் ஒரு மாதப் பயிற்சி. நிறுவனத்துக்கு ஓர் இடம். சீனியாரிட்டிப்படி எனக்கு வரவேண்டியது, மறுநாளே முதல்வர் அவன் பெயரை அனுப்பிவிட்டார். திரும்பி வந்ததும் எங்களுக்கெல்லாம் அவன்தான் பயிற்சி கொடுப்பானாம். என் மாணவிகள் வேடிக்கை பார்க்க நான் அவன் முன்னால் பெஞ்சில் உட்கார வேண்டும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

இது போதாதென்று உன் அம்மா அவன் கையில் உனக்குக் கடலைமிட்டாயும் முறுக்கும் கொடுத்துவிட்டாள். நம்ம ஊர்க்காரவுக போவுதாவ, பிள்ளைக்குக் கொடுத்துவிட்டா என்ன, நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருவான். திருப்பி அனுப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. சாப்பாடு போடு. ஒவ்வொரு ஞாயிறும் வரச் சொல். அவன் பேசப் பிரியப்படுகிறவன், மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வாரம் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எழுத்தின் ஒலியில் தொடங்குகிறார்களா, முழுச் சொல்லில் தொடங்குகிறார்களா, படத்தை எப்போது மறைக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்கச் சொல். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. கேட்டதை அன்றைக்கே எழுதிப் போட்டால் புதன்கிழமை எனக்குக் கிடைத்துவிடும், வியாழக்கிழமை சந்தனமாரியை வைத்தே நடத்திக் காட்டிவிடுவேன்.

குளிரில் காதைக் கட்டிக்கொள். அம்மன் அருளால் இருவரும் குறைவில்லாமல் வாழுங்கள். கடிதத்தை வீட்டு விலாசத்துக்கே போடு, நிறுவனத்தில் தபால் பிரிப்பவன் கண்ணபிரானின் சிநேகிதன்.

உன் அப்பா
தங்கசாமி