கிளியின் நிஜப் பெயர்

எல் ஆல்ட்டோ
ஜூலை 17, ஞாயிறு

அன்புத் தம்பி ஃபெலிசியானோவுக்கு, உன் அக்கா பெனீத்தா எழுதுவது. நீ அங்கே புவெனஸ் ஐரிஸில் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இதை எழுத உட்கார்ந்தேன். நான் இருக்கிறேன். முழங்கால்தான் இந்தக் குளிரில் மடங்குவேனா என்கிறது.

இந்தக் கடிதத்தைத் தையல் கூடத்தில் எல்லார் முன்னாலும் பிரிக்காதே. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படி. உன் முதலாளியை நம்பாதே. நகரத்துக்குப் போய் இரண்டு தடவை போன் பண்ணினேன், வேலை நேரத்தில் யாரையும் கூப்பிட மாட்டேன் என்று பட்டென்று வைத்துவிட்டான். நம் தெருவில் போன் கடை வைத்திருப்பது ஹஸிந்தாவின் மகள். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் மருந்து சொல்கிறவள் அவள். அங்கே வாய் திறக்க முடியுமா?

ஜூனில் நீ போட்ட கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்களோ என்று எனக்குச் சந்தேகம். இப்போது நம் தெருக் கடிதமெல்லாம் தெருச் சங்கத் தலைவர் செவேரோவின் கடைக்குத்தான் வருகிறது. "கிளி வந்து சேர்ந்தானா? பாவம், அவனுக்கு வாய் திக்கும், நீ கேலி பண்ணிவிடாதே" என்று எழுதியிருக்கிறாய்.

வந்தார். உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் நிஜப் பெயர் எனக்கு வேண்டும். அவர் அம்மா பெயரும் ஊரும் வேண்டும். வருகிற சனிக்கிழமைக்குள் வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது. சொந்தக்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். சனிக்கிழமையைத் தாண்டினால் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டார். தாடை உடைந்திருக்கிறது, பேச முடியாது. வலது கை விரல்களும் உடைந்திருக்கின்றன, எழுத முடியாது. கட்டில் தலைமாட்டில் 'பெயர் தெரியாதவர்' என்று சீட்டு மாட்டியிருக்கிறார்கள். நீயோ கடிதம் முழுக்கக் கிளி, கிளி என்றே எழுதியிருக்கிறாய்! வாய் திக்குகிறவருக்குக் கிளி என்று பேர் வைத்துத் தையல் கூடத்தில் எல்லாரும் கூத்தடிக்கிறீர்கள், அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்குமே, அதை ஒரு இடத்திலாவது எழுதக் கூடாதா?

என்ன நடந்தது என்று சொல்கிறேன். திட்டுவதானால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

மூலையில் இருந்த போலீஸ் சாவடியை மார்ச்சில் மூடிவிட்டார்கள் என்று முன்பே எழுதினேன். வில்கா சார்ஜென்ட்டை நகரத்தில் ஊர்வலங்களைத் தடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. போன் பண்ணினால் ஒரு நாள் வண்டி இல்லை என்பார்கள், மறுநாள் வண்டி இருக்கிறது ஆள் இல்லை என்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்த மனுஷன் இருந்தபோது நாம் அவரைப் படுத்தாத பாடில்லை. குடிக்கிறார், முட்டை வாங்கித் தின்கிறார் என்று மேலிடத்துக்கு மனு எழுதினதே நான்தான். வேறு நல்ல ஆளாகப் போடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரையும் போடவில்லை. ஆனால் அவரிடம் ஒன்று இருந்தது, ஃபெலி. தெருவில் புது முகம் தெரிந்தால் சாவடிக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைப்பார். பேரென்ன, எந்த ஊர், யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்பார். பதில் வர எவ்வளவு நேரமானாலும் அவருக்குக் கவலை கிடையாது. பாதியில் அவரே குறட்டை விடுவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனை யாரும் தொட்டதில்லை.

அவர் போன பிறகு இரண்டே மாதத்தில் ஏழு வீட்டில் கேஸ் சிலிண்டர் போனது. ஹஸிந்தா வீட்டில் தையல் மிஷின் போனது. சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். ஊதினால் வீட்டுக்கு ஒரு ஆள் கம்போடு ஓடி வர வேண்டும், வராத வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வெட்டு. வைக்கோல் பொம்மை செய்து கம்பத்துக்குக் கம்பம் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, 'திருடன் சிக்கினால் கொளுத்துவோம்' என்று பலகை மாட்டினார்கள். நம் வீட்டு எதிர்க் கம்பத்துப் பொம்மைக்கு உன் பழைய நீலச் சட்டையை நான்தான் கொடுத்தேன். அப்போது அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை.

அதற்கப்புறம் யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான். ரொட்டி விற்கிறவன் ஏன் இரண்டு தடவை வருகிறான், ஹஸிந்தாவின் மருமகன் ஏன் நம் சுவரைப் பார்த்துக்கொண்டே போகிறான் என்று ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. என்னையும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

ஏழாம் தேதி வியாழக்கிழமை, சந்தை நாள். பகல் இரண்டு மணி இருக்கும். ஒரு ஆள் தோளில் பையோடு தெருவில் வந்தார். கையில் ஒரு காகிதம். காகிதத்தைப் பார்க்கிறார், ஒரு வாசலைப் பார்க்கிறார், நாலடி நடக்கிறார், மறுபடி காகிதத்தைப் பார்க்கிறார். கடைசியில் நம் வீட்டு வாசலுக்கு நேரே வந்து நின்றார். கதவைத் திறந்து யாரப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விசிலை எடுத்து ஊதினேன்.

ஆமாம், ஃபெலி. ஊதினது நான்தான்.

கண் மூடித் திறப்பதற்குள் அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். "எவன்டா நீ? யார் வீட்டை நோட்டம் பாக்க வந்தே?" என்று செவேரோ கேட்டார். வந்தவரின் உதடு நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு வார்த்தை முழுசாக வரவில்லை. "பாருங்க பாருங்க, பொய் சொல்ல வார்த்தை தேடுறான்!" என்றாள் ஹஸிந்தா. பையைக் கவிழ்த்தார்கள். பழுப்புச் சால்வை, மாத்திரை டப்பா, அதோடு முழ நீளத்துக்கு ஒரு தையல் கத்தரிக்கோல். அதைப் பார்த்ததும் "ஆயுதம், ஆயுதம்" என்று ஒரே கூச்சல். காகிதத்தைப் பிடுங்கி செவேரோ உரக்கப் படித்தார். மூலை வீடு, பொல்லாத நாய். பச்சைக் கதவு, கிழவி தனியாக இருப்பாள். அடுத்தது, சுவர் குட்டை. அதற்கடுத்த வீட்டில் பெருக்கல் குறி. "கேட்டீங்களா? எங்க நாய் இருக்கு, எங்க ஆம்பிள இல்லனு எழுதியே வச்சிருக்கான்யா!" என்று கத்தினார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கம்பத்தில் கம்பியால் கட்டினார்கள். ஐஸ் தண்ணீரை ஊற்றினார்கள். அடித்தார்கள்.

அந்தக் காகிதம் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. பெருக்கல் குறி போட்ட வீட்டின் கூரைமேல் ஒரு கோழி வரைந்திருந்தது. பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து வீடு வரைந்தால் கூரையில் கோழியை உட்கார வைக்கிறவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான். தெருவில் எந்த வீட்டுக்கும் எண் இல்லை, ஆள் வழி தவறக் கூடாது, நாயிடம் கடி வாங்கக் கூடாது என்றுதானே நீ அப்படி வரைந்து கொடுத்தாய்? எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். "பெனீத்தா அக்கா, உங்க வாசல்லதானே நின்னான், இவனைத் தெரியுமா?" என்று செவேரோ எல்லார் முன்னாலும் கேட்டார். கம்பத்தில் கட்டியிருந்தவரும் ஒரு கண் வீங்கி மூடியிருக்க, மறு கண்ணால் என்னைப் பார்த்தார்.

தெரியாது என்றேன்.

ஏன் என்று கேட்பாய். போன மாதம் அடுத்த தெருவில் ஒரு பையனுக்காகப் பரிந்து பேசியவளைக் கூட்டாளி என்று சொல்லித் தலைமுடியை வெட்டிவிட்டார்கள். அந்தப் பயம். விசில் ஊதின வாயாலேயே இவர் என் விருந்தாளி என்று எப்படிச் சொல்வது என்ற வெட்கம் அதைவிடப் பெரிசு. நான் பாவி, ஃபெலி. பயத்தைவிட வெட்கத்துக்காகத்தான் ஒரு மனுஷனை அடிக்க விட்டேன்.

செவேரோ பெட்ரோல் வாங்கிவர ஆள் அனுப்பினார். அதற்குள் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது, அப்படி ஒரு மழை. எல்லாரும் வீட்டுக்குள் ஓடினார்கள். நான் திரும்பி வந்து கம்பியை முறுக்கித் தளர்த்தி, தெரு முனை வரை அவரை இழுத்துக்கொண்டே போய் ஒரு மினிபஸ்ஸில் ஏற்றினேன். குடித்துவிட்டு விழுந்துவிட்டார் என்று டிரைவரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ரோட்டோரம் கிடந்தார் என்று சொன்னேன். கூசாமல் பொய் வந்தது. மழை விட்டதும் அவனே அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சிலர் அதை நம்புகிறார்கள். ஹஸிந்தா நம்பவில்லை. நீ எனக்கென்று அனுப்பிய பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து என் வாசலில் நின்று, "எங்க தினமும் கிளம்பிடுறீங்க, பெனீத்தா?" என்று விசாரிக்கிறாள்.

மறுநாள் சாயந்திரமே சங்கத்தின் நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். இந்தத் தெருவில் எதுவும் நடக்கவில்லை, யாரும் எதையும் பார்க்கவில்லை, மாற்றிச் சொல்கிறவர் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. என் கையெழுத்தும் இருக்கிறது. மூன்றாம் நாள் ஜீப்பில் இரண்டு சின்னப் போலீஸ்காரர்கள் வந்தார்கள். கண்ணாடியைக்கூட முழுசாக இறக்கவில்லை. "இங்க ஒண்ணும் நடக்கலையே சார்" என்றார் செவேரோ. சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

தினமும் ஆஸ்பத்திரிக்கு சூப் கொண்டுபோகிறேன். மாதா கோவிலிலிருந்து வருகிறேன் என்று நர்ஸிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள், நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வேன். அவர் என்னையே பார்க்கிறார். நான் விசில்காரி என்று தெரிந்து பார்க்கிறாரா, உன் அக்கா என்று தெரிந்து பார்க்கிறாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய், "கிளி" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. எனக்கும்தான்.

இந்தக் கடிதத்தைப் பஸ் ஆபீஸில் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். புதன்கிழமை உன்னிடம் வந்துவிடும் என்கிறார்கள். அன்றைக்கே அவர் அம்மாவுக்கு எப்படியாவது தகவல் சொல், உடனே புறப்படச் சொல். முதலாளி விடமாட்டேன் என்றால் வேலையை உதறிவிட்டுப் போய்ச் சொல். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பகல் பன்னிரண்டு மணிக்கு நகரத்துத் தொலைபேசி நிலையத்தில் நான் நிற்பேன், எண்ணைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பெயரைச் சொல். வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. யார் கையிலும் எதையும் கொடுத்தனுப்பாதே.

பெயர் கிடைத்ததும் நகரத்துப் போலீஸ் நிலையத்துக்கும் போவதாக இருக்கிறேன். அடிபட்டவர் பெயர் இல்லாமல் புகார் எடுக்க மாட்டார்களாம். விசில் யாருடையது என்று கேட்பார்கள். சொல்லிவிடுவேன். பிறகு இந்தத் தெருவில் எனக்கு வீடு இருக்குமா என்று தெரியாது. அவர் அம்மா கேட்டாலும் மறைக்காதே, என் அக்காதான் என்று சொல். நீ சொல்லாமல் அவள் வேறு யார் வாயிலாவது கேட்டால் அது இன்னும் கேவலம்.

ஆகஸ்ட் திருவிழாவுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே, தம்பி. நாலு வருஷம் ஆயிற்று. உடம்பு போட்டிருப்பாய், மீசை வைத்திருப்பாய், தெருவில் பாதிப் பேர் புதுசு. உன்னைக் கட்டிவைத்துவிட்டு இவனைத் தெரியுமா என்று என்னைக் கேட்டால், என் தம்பியடா அவன் என்று பாய்ந்து விழுவேன் என்றுதான் போன மாதம் வரைக்கும் நினைத்திருந்தேன். இப்போது என்னை நானே நம்பவில்லை. ஆகையால் வராதே. உன்னைத் தெரியும் என்று வாய் திறந்து சொல்ல நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து இரு, என் கண்ணே.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
பெனீத்தா